குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு வாழ்க்கை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



இந்தக் கோடை விடுமுறையில் நம் சங்கக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆறு வயது முதல் பத்து வயது வரை பன்னிரண்டு குழந்தைகள் வந்தார்கள். மேற்பார்வை பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு வாரம், முன்னோடிப் பெண் ஒருவரை வரைந்து கீழே மூன்று வரி எழுதுங்கள் என்று சொல்லி, தாளையும் கிரயானையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தாள்களை வாங்கிப் பார்த்தபோது ஐந்து பேர் ஒரே படத்தை வரைந்திருந்தார்கள். தேசிங்கு ராஜாவின் ராணி தீயில் இறங்கும் படம். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நம் மொட்டை மாடிக்குப் போனால் ராஜகிரி தெரிகிறது. எதிரே இருக்கும் கிருஷ்ணகிரியை ராணிக்கோட்டை என்றுதான் சொல்கிறோம். சிங்கவரம் மலையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர், போருக்குப் போக உத்தரவு கேட்ட தேசிங்குக்கு விடை தராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற கதையை இந்த ஊரில் கேட்காமல் வளர்ந்த குழந்தை இல்லை. 1714-இல் தேசிங்கு போரில் மாண்டதும் அவர் மனைவி உடன்கட்டை ஏறினார் என்பது அந்தக் கதையின் முடிவு. நாம் சொன்னதைத்தான் குழந்தைகள் வரைந்திருக்கிறார்கள்.

வேறு நான்கு பேர் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்ட ஒரு அம்மாவை வரைந்து, இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி என்று எழுதியிருந்தார்கள். பள்ளியில் சார்ட் ஒட்டியபோது மனப்பாடம் செய்த வரியாக இருக்கும். அந்த நால்வரில் ஒரு சிறுமி, எட்டு வயதுதான், தாளைக் கொடுத்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இவருக்கு முன்னால் ஏன் ஒரு டாக்டர் ஆன்ட்டிகூட இல்லை, அப்போது பெண்களுக்குப் படிக்கத் தெரியாதா என்று. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கியில் எழுத்தராக இருந்த காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி என்ற பெயரில் வந்த தொகையை எத்தனையோ பெண்களின் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாஸ்புக்கை நீட்டும் பெண்களுக்குப் பணம் வந்துவிட்டது அம்மா என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகு, எட்டு வயதுக் குழந்தை கேட்டதனால் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். அவர் வாழ்க்கையை ஆறு படங்களாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தையோடு உட்கார்ந்து, படத்துக்கு ஒரு நாளாக வரையலாம்.

முதலில் ஒரு திருத்தம். அவர் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் அல்ல. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மருத்துவம் படித்து 1886-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வங்காளத்தின் காதம்பினி கங்கூலியும் கல்கத்தாவில் மருத்துவரானார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875-இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் வேறு மூவரும் சேர்ந்து படித்தார்கள். முத்துலட்சுமி பிறந்ததே 1886-இல்தான். இதைக் குழந்தைகளுக்குச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. பல பெண்கள் பல ஊர்களில் ஒரே கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்குப் புரியும்.

முதல் படம்: வகுப்பறை

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். எனவே இரண்டு பக்கத்து உலகமும் அந்தக் குழந்தைக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது.

பெண் பெரியவளானதும் பள்ளியை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க ஊரில் இருந்தது ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. முடிவில் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்ததால்தான் இடம் கிடைத்தது.

குழந்தைகளை ஒரு வகுப்பறை வரையச் சொல்லுங்கள். பெஞ்சு முழுக்கப் பையன்கள், ஒரே ஒரு பெண். கீழே, அந்தப் பெண் முதல் நாள் என்ன நினைத்திருப்பாள் என்று மூன்று வரி எழுதட்டும். பெண்களுக்குப் படிக்கத் தெரியாதா என்ற கேள்விக்கு இந்தப் படமே பதில். தெரியும், உள்ளே விடவில்லை.

இரண்டாவது படம்: மருத்துவமனை

1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் சிறப்பாகத் தேறி வெளியே வந்தார். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அன்றைக்குப் பல வீடுகளில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டார்கள். ஆகவே ஒரு பெண் மருத்துவர் வந்தது வெறும் கௌரவ விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

இந்தப் படத்தில் டாக்டரை மட்டும் வரைந்தால் போதாது. கட்டிலில் ஒரு தாயும் பக்கத்தில் ஒரு தொட்டிலும் இருக்கட்டும். நீ எந்த மருத்துவமனையில் பிறந்தாய், யார் பிரசவம் பார்த்தார்கள் என்று அம்மாவைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம் குடியிருப்பில் பாதிக் குழந்தைகளுக்கு ஒரு பெண் மருத்துவரின் பெயர் கிடைக்கும்.

மூன்றாவது படம்: இரண்டு நாற்காலிகள்

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை முத்துலட்சுமி மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்கும் பணிக்கும் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்பே சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் திருமணம். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்! இரண்டு மகன்கள் பிறந்தார்கள். 1925-இல் அரசின் உதவித்தொகை பெற்று, பெண்கள் மற்றும் குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றார்.

உயரத்தில் சமமான இரண்டு நாற்காலிகளைக் குழந்தைகள் வரையட்டும். உங்கள் வீட்டில் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று கீழே எழுதட்டும். என்ன எழுதுவார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். இருந்தாலும் எழுதட்டும்.

நான்காவது படம்: சட்டமன்றம்

சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை கிடைத்தது. 1926-இல் பெண்கள் தேர்தலில் நிற்கவும் வழி திறந்தது. அந்தத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது. அவர் நியமன உறுப்பினராகி, சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பெரிய வேலை, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்துவது. குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நம் குடியிருப்புத் தாய்மார் சிலர் தயங்கினார்கள். இது வேண்டாமே, டாக்டரானார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் அவர் வாழ்க்கையின் பாதியை விட்டுவிடுகிறோம். ஏழு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு சொன்னால் போதும்: அந்தக் காலத்தில் சில சிறுமிகளை, உனக்கு இது பிடிக்குமா என்று கேட்காமலே, இனி உன் வாழ்க்கை இப்படித்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். அவர்கள் மற்றவர்களைப் போலத் திருமணம் செய்துகொள்ள முடியாது. வேறு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. இந்த டாக்டர் அது தவறு என்று சொல்லிச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார். இதில் பொய்யும் இல்லை, வயதுக்கு மீறியதும் இல்லை. அந்தப் பெண்களைப் பற்றியோ அவர்கள் காப்பாற்றி வந்த இசையையும் நடனத்தையும் பற்றியோ இழிவாக ஒரு சொல்லும் வந்துவிடக் கூடாது. அவரைப் பெற்ற தாயே அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பெரியவர்களுக்காக இரண்டு செய்திகள். இந்த முயற்சியை அந்தச் சமூகப் பெண்களிலேயே ஒரு சாரார் எதிர்த்து அரசுக்கு மனு அனுப்பினார்கள். எங்கள் நிலமும் பிழைப்பும் என்னாவது என்பது அவர்கள் கவலை. கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்ட மானிய நிலங்களை, ஊழியக் கட்டாயம் இல்லாமல் அவர்களே வைத்துக்கொள்ள 1929-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. சீர்திருத்தம் பேசியவர் சோற்றுக்கான வழியையும் யோசித்திருக்கிறார். கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. இன்னொன்று, இந்தப் போராட்டத்தை அவர் ஒருவரே நடத்தவில்லை. அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நாவலும் எழுதினார். வழக்கத்தை முழுதாகத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். நம்ம பக்கத்துக்காரர்!

படத்துக்கு, பெரிய மண்டபத்தில் ஆண்கள் நடுவே ஒரு பெண் எழுந்து நிற்பதை வரையலாம். நீ சட்டம் போடுவதாக இருந்தால் எதை நிறுத்துவாய் என்று எழுதலாம். வீட்டுப்பாடத்தை என்று சிலர் எழுதுவார்கள், பரவாயில்லை.

ஐந்தாவது படம்: வாசலில் சிறுமிகள்

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகளைச் சிறையிட்டதும் முத்துலட்சுமி சட்டமன்றப் பதவியைத் துறந்தார். பதவி போனதும் வேலை நின்றுவிடவில்லை. பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று வெளியேறிய சிறுமிகள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. சரி, என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உள்ளே அழைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் இப்படி உருவானதுதான் ஔவை இல்லம். சென்னை அடையாறில் இன்றும் நடக்கிறது. ஆதரவில்லாத எந்தச் சாதிப் பெண் குழந்தைக்கும் அங்கே இடமும் படிப்பும் உண்டு.

ஆத்திசூடி படிக்கும் குழந்தைகளுக்கு ஔவையார் தெரிந்தவர். அந்தப் பெயரை ஏன் வைத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். திறந்த கதவு, வாசலில் கையில் துணி மூட்டையோடு சிறுமிகள், உள்ளே வரச் சொல்லும் ஒரு அம்மா. இதுதான் படம். உன் வீட்டுக்கு இப்படி ஒரு குழந்தை வந்தால் முதலில் என்ன கொடுப்பாய் என்று எழுதட்டும்.

ஆறாவது படம்: அடையாறு

1923-இல் முத்துலட்சுமியின் உடன்பிறந்த சகோதரி ஒருவர் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியாத வேதனை அவர் மனத்தில் தங்கிவிட்டது. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் புற்றுநோய் என்றாலே மரணம் என்று நினைத்த காலம். அதற்குப் பணம் செலவிடுவானேன் என்று கேட்டவர்கள் உண்டு. அவர் விடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி எழுப்பினார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். செஞ்சிப் பக்கத்திலிருந்தும் எத்தனை பேர் பஸ் ஏறி அந்த வாசலுக்குப் போயிருக்கிறார்கள் என்பது நம்மில் சிலருக்கு நன்றாகவே தெரியும்.

மருத்துவமனை திறந்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது. ஓய்வு பெற்று, காலையில் பேப்பர், மாலையில் நடை என்று இருக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார். எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள் இருந்தது. 2019-இல் அவர் பிறந்த நாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் ஓவியத்தை வைத்தது. அந்த நாளை அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுவது என்று தமிழக அரசும் அறிவித்தது.

கடைசிப் படத்துக்கு ஒரு சிறு கட்டடமும் பன்னிரண்டு கட்டில்களும் போதும். உனக்கு வருத்தம் தந்த ஒன்றை மற்றவர்களுக்கு வராமல் எப்படித் தடுப்பாய் என்று எழுதச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் பெரிய பதில் சொல்வார்கள்.

இந்த ஆறு படங்களையும் வரைந்த குழந்தை, முதல் என்ற சொல்லைக் கிரீடம் மாதிரி பார்க்காது. அதற்கு முன்னால் ஒரு கதவு மூடியிருந்தது, யாரோ மூடினார்கள், யாரோ தள்ளினார்கள், பின்னால் வருபவர்களுக்காகத் திறந்தே வைத்தார்கள் என்று பார்க்கும். ராணியின் கதையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இந்த மண்ணின் கதை. ஆனால் நம் பெண் குழந்தைகள் வீரம் என்றால் கணவனோடு சாவது என்று மட்டும் நினைத்து வளர வேண்டாம். எண்பத்தொரு வயது வரை வாழ்ந்து, பிறரையும் வாழவைத்த ஒருவரின் கதையும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். பையன்களையும் வரைய வையுங்கள். கதவை மூடாமல் இருக்க வேண்டியவர்கள் அவர்களும்தான்.

இனி ஏற்பாடு. ஜூலை 30 அன்று மாலை 5 மணிக்குக் குழந்தைகளின் படங்களைச் சங்கக் கூடத்துச் சுவரில் ஒட்டப் போகிறோம். தாளும் கிரயானும் சங்கச் செலவு. காவலாளி, துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலைக்கு வருபவர்கள் ஆகியோரின் பிள்ளைகளையும் தவறாமல் அழைத்து வாருங்கள். அவர்கள் தயங்கி வாசலில் நிற்பார்கள், நாம்தான் உள்ளே கூப்பிட வேண்டும்.

ஏழாவதாக ஒரு படமும் உண்டு. அதை நான் சொல்லித்தர முடியாது. நம் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் நிறுத்தப்பட்ட பாட்டிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாட்டி, நீ என்ன படிக்க ஆசைப்பட்டாய், யார் நிறுத்தினார்கள் என்று பேரப் பிள்ளைகள் கேட்கட்டும். சொன்னதை வரைந்து, கீழே பாட்டியின் பெயரை எழுதட்டும். அதற்காகச் சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.